காலையில் தாழ்கிறது, நண்பகலில் ஏறுகிறது: குளிரா, உயரமா, தோட்டாவா?

கோத்தகிரி_புரோன் | சனி, காலை 11.20

அனைவருக்கும் வணக்கம். 50 மீட்டர் புரோன் (படுத்துச் சுடும்) பிரிவில் பாயிண்ட் 22 ரைஃபிள் சுடுகிறேன். பயிற்சி பெரும்பாலும் கோவையில். ஊருக்கு வரும் வார இறுதிகளில் மலையிலேயே ஒரு சிறிய தளத்தில் சுடுகிறேன். அடுத்த ஆண்டு 300 மீட்டர் பிரிவையும் முயன்று பார்க்கும் எண்ணம் இருக்கிறது. அதற்குள் இந்தச் சந்தேகம் தீர வேண்டும்.

இப்போது உறைபனிக் காலம். காலை ஏழரைக்குத் தளத்தில் நான்கைந்து டிகிரிதான் இருக்கிறது. கோவையில் சரிசெய்து வைத்த சைட்டை (குறிபார்க்கும் கருவி) தொடாமல் சுட்டால், குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) பத்தாம் வளையத்தின் கீழ் விளிம்பை ஒட்டி விழுகிறது. வெயில் ஏறிய பிறகு அதே சைட், அதே பெட்டித் தோட்டா, ஆனால் குரூப் மேலே வந்துவிடுகிறது.

"குளிர்ந்த காற்று கனமானது, குண்டைத் தடுக்கிறது" என்கிறார் ஒரு பயிற்சியாளர். "மலையில் காற்றே மெலிது, குண்டு மேலேதான் போக வேண்டும்" என்கிறார் இன்னொருவர். இருவரும் அடித்துச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

வெலிங்டன்_ஹவில்தார் | சனி, மதியம் 12.05

மகளே, ராணுவத்தில் இதற்கு ஒரே விடைதான். புது இடத்துக்குப் போனால் முதல் வேலையாக ஜீரோ செய், அதாவது குண்டு குறியில் விழும்படி சைட்டைத் திருத்து. ஜெய்சல்மர் மணலில் ஜீரோ செய்த 7.62 எஸ்எல்ஆர் ரைஃபிளை லேயில் இறங்கியதும் மறுபடி ஜீரோ செய்ய வேண்டும். ஏன் என்று கேட்ட ஆள் மைதானத்தைச் சுற்றி ஓடினான்.

குளிரில் தாழும், வெயிலில் ஏறும். காலையில் சைட்டின் திருகை இரண்டு கிளிக் மேலே வை, பத்து மணிக்கு எடுத்துவிடு.

கொடை_இயற்பியல் | சனி, மாலை 4.48

ஹவில்தார் ஐயாவின் கைவைத்தியம் பலிக்கும். ஆனால் 50 மீட்டருக்குப் பலித்த இரண்டு கிளிக் 300 மீட்டரில் பலிக்காது. அதனால் 'ஏன்' என்று கேட்பவரை ஓட விடாமல் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

இரண்டு பயிற்சியாளர்களும் காற்றைப் பற்றியே பேசுகிறார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான். எது எவ்வளவு பெரியது என்பதை மட்டும் இருவரும் சொல்லவில்லை.

காற்றின் அடர்த்தியை அழுத்தமும் வெப்பநிலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கடல் மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. கோவை சுமார் 410 மீட்டர் உயரம். அங்கே 35 டிகிரி வெயிலில் அது ஏறத்தாழ 1.09 கிலோவாகிறது. உதகை 2,240 மீட்டர். அங்கே அழுத்தம் 770 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுவதால், 10 டிகிரிக் குளிரிலும் 0.95 கிலோதான். குளிர் காற்றைக் கனமாக்குவது உண்மை, ஆனால் உயரம் அதைவிட அதிகமாக மெலிதாக்கிவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் மேலே ஏறுவது, காற்றை அங்கேயே வைத்து ஏறக்குறைய 30 டிகிரி சூடாக்குவதற்குச் சமம். கோத்தகிரி உதகையைவிடக் கொஞ்சம் தாழ்வு என்றாலும் கதை இதேதான்.

ஆக, கோவையிலிருந்து மலைக்கு வந்தால் காற்றின் பங்கு குண்டை மேலேதான் தள்ள வேண்டும். உங்களுக்குக் கீழே போகிறது. அப்படியானால் குற்றவாளி காற்று இல்லை. ரைஃபிளுக்கு உள்ளே தேடுங்கள்.

மேட்டுப்பாளையம்_பத்து | சனி, மாலை 5.10

ரைஃபிளுக்கு உள்ளே என்றால்? குழல் சுருங்கிவிடுமா?

ஒட்டாவா_எஃப்கிளாஸ் | சனி, இரவு 9.30

தோட்டா. அதுவும் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து.

நான் பழனி அடிவாரத்துக்காரன், இப்போது கனடாவில் இருக்கிறேன். ஒட்டாவா அருகே கொனாட் தளத்தில் பாயிண்ட் 308 ரைஃபிளால் 1,000 கெஜம் வரை சுடுகிறேன். இங்கே பருவத் தொடக்கத்துக்கும் ஜூலைக்கும் இடையே 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அதனால் இந்த விஷயம் எங்களுக்குத் தினசரிப் பேச்சு.

மருந்து எரிவது ஒரு வேதிவினை. தொடக்க வெப்பநிலை கூடினால் வேகமாக எரியும், குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறையில் அழுத்தம் உயரும், குண்டு குழலைவிட்டுக் கூடுதல் வேகத்தில் வெளியேறும். குளிர்ந்தால் எல்லாம் தலைகீழ். எவ்வளவு மாறும் என்பது மருந்தைப் பொறுத்தது. வெப்பத்துக்கு எளிதில் வசப்படும் மருந்தில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு அரை மீட்டர்/விநாடி, சிலவற்றில் அதற்கும் மேல் மாறும். வெப்பத்துக்கு அசையாதபடி தயாரிக்கப்படும் மருந்துகளில், உதாரணமாக ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் வரிசையில், இதில் ஒரு சிறு பங்குதான் மாறும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காற்றின் வெப்பநிலையும் தோட்டாவின் வெப்பநிலையும் வேறு வேறு. வெளியே ஐந்து டிகிரி இருக்கலாம், காரின் ஹீட்டர் பக்கத்தில் வந்த பெட்டி இருபதில் இருக்கலாம். வெளியே இருபது டிகிரி இருக்கலாம், கறுப்புத் துணிமேல் வெயிலில் பரப்பிய தோட்டா நாற்பதைத் தாண்டலாம். சகோதரி, உங்கள் பெட்டி இரவில் எங்கே இருக்கிறது?

கோத்தகிரி_புரோன் | ஞாயிறு, காலை 6.50

தோட்டாக்கள் தளத்தின் இரும்புப் பெட்டகத்தில். தகரக் கூரை, சிமெண்ட் தரை. இரவு முழுவதும் வெளியே இருப்பது போலத்தான்.

ஒட்டாவா_எஃப்கிளாஸ் | ஞாயிறு, காலை 7.15

பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பாயிண்ட் 22 போட்டித் தோட்டா ஏறக்குறைய 330 மீட்டர்/விநாடியில் கிளம்பும். 50 மீட்டரில் சுமார் 12 சென்டிமீட்டர் விழும். குளிரால் வேகம் 10 மீட்டர் குறைந்தால் இன்னும் ஏழு மில்லிமீட்டர் அளவில் தாழும். 50 மீட்டர் இலக்கில் பத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். தசமப் புள்ளிக் கணக்கில் 0.8 மில்லிமீட்டருக்கு ஒரு தசமம் போகிறது என்றால், கிட்டத்தட்ட 0.9 புள்ளி கையைவிட்டுப் போகிறது. ஒவ்வொரு குண்டுக்கும்.

பாயிண்ட் 22-க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. குண்டின்மேல் பூசிய மெழுகு குளிரில் இறுகும். பனிச்சறுக்குடன் துப்பாக்கி சுடும் பயத்லான் வீரர்களுக்காக லாபுவா நிறுவனம் போலார் பயத்லான் என்று குளிருக்கே தனித் தோட்டா செய்கிறது. அந்த விளையாட்டில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போட்டியைத் தொடங்கவே மாட்டார்கள்.

அருவங்காடு_லைன் | ஞாயிறு, காலை 10.02

மருந்து என்று பேச்சு வந்ததால் எங்கள் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1904 முதல் இருக்கிறது. மலை ரயிலில் குன்னூரைத் தாண்டிப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். என் அப்பா அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேலையைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டார். நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான் இது.

கார்டைட் என்பது நைட்ரோகிளிசரின், துப்பாக்கிப் பஞ்சு, கொஞ்சம் வாசலின் மூன்றையும் பிசைந்து நூலாக இழுத்தது. ஆரம்பகாலக் கலவையில் நைட்ரோகிளிசரின் மட்டுமே 58 சதவீதம். குழலை அரித்துத் தின்றதால் பிறகு வந்த எம்டி வகையில் அதை 30 சதவீதமாகக் குறைத்தார்கள். நைட்ரோகிளிசரின் சேர்ந்த மருந்து பொதுவாக வெப்பத்துக்கு அதிகம் துள்ளும். இங்கிலாந்துக் குளிரில் அடக்கமாக இருந்த தோட்டா இந்திய, ஆப்பிரிக்க வெயிலில் அழுத்தம் ஏறி, சுட்ட பிறகு உறை அறையில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கால ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டா விற்றார்கள். இந்த இழையில் கேட்ட கேள்வி நூறு வருடத்துக்கு முன்பே வியாபாரமாகியிருந்தது.

நெறியாளர் | ஞாயிறு, காலை 10.30

நல்ல தகவல். ஆனால் மருந்து அடைப்பது, தோட்டா வாங்குவது, விற்பது பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் எல்லோருக்கும் பொது. வேட்டை பற்றி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

வெலிங்டன்_ஹவில்தார் | ஞாயிறு, பகல் 1.15

மருந்து, மெழுகு எல்லாம் சரி. மூடுபனியை விட்டுவிட்டீர்களே. மஞ்சு இறங்கினால் காற்று ஈரமாகிக் கனத்துவிடும், குண்டு தாழும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொடை_இயற்பியல் | ஞாயிறு, பகல் 2.40

ஐயா, தாழ்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். காரணம் ஈரம் இல்லை. நீராவியின் மூலக்கூறு எடை 18, உலர்ந்த காற்றின் சராசரி ஏறக்குறைய 29. காற்றில் நீராவி கூடினால் அது இலேசாகத்தான் ஆகும். அதுவும் குளிரில் காற்று தாங்கும் நீராவியே சொற்பம் என்பதால், குண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மஞ்சு வரும்போது வெயில் போகிறது, தோட்டா குளிர்கிறது, இலக்கு மங்குகிறது. மூன்றையும் விட்டுவிட்டு ஈரத்தின் தலையில் பழியைப் போடுகிறோம். ஈரம் கெடுதல் செய்யும் இடம் வேறு. மருந்தே ஈரத்தை உறிஞ்சினால் மெதுவாக எரியும். ஆனால் அடைத்த நல்ல தோட்டாவுக்குள் அது ஒரு காலைப்பொழுதில் நடக்காது, மழைக்காலம் முழுக்க மோசமாக வைத்திருந்தால் நடக்கலாம்.

வெலிங்டன்_ஹவில்தார் | ஞாயிறு, பகல் 2.52

இருபது வருடம் மஞ்சில் சுட்டவனுக்குப் பாடம். சரி, ஏற்றுக்கொள்கிறேன், முழு மனதாக இல்லை.

மேட்டுப்பாளையம்_பத்து | ஞாயிறு, மாலை 6.20

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மருந்தே இல்லையே, நாங்கள் தப்பித்தோமா? காற்றுச் சிலிண்டரைக் கீழே நிரப்பிக்கொண்டு மலைக்கு வந்தால் அழுத்தமானி குறைத்துக் காட்டுகிறது. கசிவு என்று நினைத்து வாஷரை மாற்றினேன்.

கொடை_இயற்பியல் | ஞாயிறு, இரவு 7.05

கசிவு இல்லை தம்பி. அடைத்த கலத்தில் அழுத்தம் கெல்வின் வெப்பநிலையோடு சேர்ந்து இறங்கும். 33 டிகிரியில் 200 பார் நிரப்பினால் 6 டிகிரியில் ஏறத்தாழ 182 காட்டும். கீழே இறங்கினால் திரும்ப வந்துவிடும். அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் உள்ள துப்பாக்கி என்றால் குண்டின் வேகம் அதிகம் அசையாது. மலையில் குளிரக் குளிர 200 நிரப்பி, சமவெளி வெயிலில் காருக்குள் பூட்டி வைப்பதுதான் ஆபத்து. சிலிண்டரில் பொறித்த உச்ச அளவைப் பார்த்து நிரப்புங்கள்.

கோவை_ரேஞ்ச் | ஞாயிறு, இரவு 10.40

தொலைதூரச் சுடுதலுக்குக் குண்டின் பாதையைக் கணக்கிடும் மொபைல் செயலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் கிளப்பில் ஒரு நண்பர் உதகைக்குக் கணக்குப் போடும்போது வானிலைச் செயலியில் பார்த்த 1,015 என்ற அழுத்தத்தை அப்படியே நிலைய அழுத்தம் என்ற கட்டத்தில் போட்டார். அது கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். உதகையில் நிஜமாக இருப்பது 770 சொச்சம். செயலி அவரைச் சென்னைக் கடற்கரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு விடை சொன்னது.

இதற்கு நேர்மாறாக, கையிலுள்ள கருவி காட்டும் உண்மையான 770-ஐப் போட்டுவிட்டு, உயரம் 2,240 என்றும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. சில செயலிகள் உயரத்தை இரண்டாம் முறையும் கழித்துவிடும். நிலைய அழுத்தம் போட்டால் உயரத்தைத் தொடாதீர்கள். உயரம் போட்டால் கடல் மட்ட அழுத்தம் போடுங்கள்.

கோத்தகிரி_புரோன் | திங்கள், காலை 8.10

50 மீட்டருக்கு நான் இதெல்லாம் போடுவதே இல்லை. 300-க்குத் தேவைப்படுமா?

ஒட்டாவா_எஃப்கிளாஸ் | திங்கள், மாலை 5.35

இதற்குத்தான் காத்திருந்தேன். தூரம் கூடக்கூடக் குற்றவாளி மாறுகிறான்.

உதகையில் ஒரே நாளில் காலை 5 டிகிரி, பகல் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி ஆறு சதவீதம் குறைகிறது. தோட்டாவும் அதே 17 டிகிரி சூடேறி, மருந்து டிகிரிக்கு அரை மீட்டர் துள்ளும் வகை என்றால் வேகம் எட்டரை மீட்டர்/விநாடி கூடுகிறது. 175 கிரெய்ன் குண்டு, 790 மீட்டர்/விநாடி வேகம் கொண்ட பாயிண்ட் 308-க்கு நான் போட்ட கணக்கு:

300 மீட்டரில் மருந்தால் வரும் ஏற்றம் இரண்டு சென்டிமீட்டர், காற்றால் வருவது ஒன்றுக்கும் குறைவு. அந்த இலக்கில் பத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து குரூப்பை மையத்திலிருந்து நகர்த்தும், ஆனால் பத்தைவிட்டு வெளியே தூக்கி எறியாது.

1,000 கெஜத்தில் மருந்தால் 25 சென்டிமீட்டர், காற்றால் 35 முதல் 40 சென்டிமீட்டர். காற்று முந்திவிட்டது. இரண்டும் ஒரே திசையில் தள்ளுவதால் கூட்டிக்கொள்ள வேண்டும். எஃப் கிளாஸில் (ரைஃபிளைத் தாங்கியில் வைத்துத் தொலைதூரம் சுடும் போட்டி) அந்தத் தூரத்துக்குப் பத்தின் விட்டம் ஏறத்தாழ ஒரு எம்ஓஏ (ஒரு டிகிரி கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு), அதாவது 26 சென்டிமீட்டர். காலை சைட்டில் பகலில் சுட்டால் பத்தைத் தாண்டி எங்கோ போய் விழும். கோவை வெயிலில் வைத்த சைட்டை உதகைக்குக் கொண்டுவந்தால், காற்றின் பங்கு மட்டுமே மூன்று எம்ஓஏவுக்கு மேல்.

எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் குண்டுக்கும் மருந்துக்கும் மாறும். எந்தத் தூரத்தில் எது முந்தும் என்ற வரிசை மட்டும் மாறாது. கிட்டத்தில் தோட்டாவின் சூட்டைக் கவனி, தொலைவில் காற்றின் அடர்த்தியையும் சேர்த்துக் கவனி.

மலையில் ஒரு லாபம் உண்டு. மெலிந்த காற்றில் குண்டு ஒலிவேகத்துக்கு மேலேயே கூடுதல் தூரம் ஓடும், பக்கக் காற்றும் குறைவாகத் தள்ளும். பாயிண்ட் 308 கடல் மட்டத்தில் 1,000 கெஜத்தை நெருங்கும்போதுதான் ஒலிவேகத்தை ஒட்டித் தடுமாற ஆரம்பிக்கும்.

கொடை_இயற்பியல் | திங்கள், இரவு 8.20

ஒலிவேகம் என்றதும் பாயிண்ட் 22-க்கு ஒரு குறிப்பு. ஒலிவேகமும் வெப்பநிலையைப் பொறுத்தது. 33 டிகிரியில் நொடிக்கு 351 மீட்டர், 3 டிகிரியில் 333. கோவையில் 330-இல் கிளம்பும் குண்டு ஒலிக்கு வசதியாகப் பின்னால் இருக்கிறது. அதே வேகத்தில் மலைக்குளிரில் கிளம்பினால் ஒலியின் தோளை உரசிக்கொண்டு போகும். அந்த எல்லையில் காற்றுத்தடை செங்குத்தாக ஏறும். தோட்டாவை மட்டும் கதகதப்பாக வைத்து வேகத்தைக் காப்பாற்றினால் இந்தப் பக்கம் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டும். 50 மீட்டரில் அது பெரிய விலை இல்லை.

ஒட்டாவா_எஃப்கிளாஸ் | திங்கள், இரவு 8.45

சரியான குறிப்பு. சகோதரி, காற்றையும் தோட்டாவையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை. ஒரே பெட்டியைப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதி இரவில் வீட்டில், காலையில் தளத்துக்கு வரும்வரை தெர்மாக்கோல் பெட்டியில். மறு பாதி பெட்டகத்திலேயே. குழல் சூடேறிய பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி, ஐந்து ஐந்தாக, தனித்தனி அட்டையில் சுடுங்கள். காற்று இரண்டுக்கும் ஒன்றே. வித்தியாசம் வந்தால் அது தோட்டாவின் சூடு.

ஒன்றை மறக்காதீர்கள். தோட்டாவை அறையில் ஏற்றிவிட்டுக் காற்று நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சூடான குழலில் அரை நிமிடம் கிடந்தால் மருந்து சூடேறும், குளிர்ந்த குழலில் கிடந்தால் சோதனையே கெடும். எங்கள் பக்கத்தில் பெரிய குழல் ரைஃபிள்காரர்கள் காரணமே தெரியாமல் மேலே போகும் ஒற்றைக் குண்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கோத்தகிரி_புரோன் | அடுத்த ஞாயிறு, மாலை 3.30

சோதனை முடிந்தது. காலையில் வீட்டுத் தோட்டாக்கள் தெளிவாக மேலே, பெட்டகத் தோட்டாக்கள் கீழே. அட்டைகளை அருகருகே வைத்தால் யாரும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்வார்கள். பெட்டகத்தில் இருந்தவை சிதறியும் விழுந்தன, உயரத்தில் மட்டுமல்ல.

ஆனால் ஒரு முடிச்சு. பகல் பதினொன்றுக்கு இரண்டு பாதியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மறுபடி சுட்டேன். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த இடம் காலை வீட்டுத் தோட்டாக்கள் விழுந்த இடத்தைவிட இன்னும் கொஞ்சம் மேலே. காற்று ஆறு சதவீதம் மெலிந்ததற்கு 50 மீட்டரில் இவ்வளவா?

கொடை_இயற்பியல் | ஞாயிறு, மாலை 4.15

இல்லை. அதற்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

வெலிங்டன்_ஹவில்தார் | ஞாயிறு, மாலை 4.40

இப்போது என் முறை. கணக்கு முடிந்த இடத்தில் மனிதன் ஆரம்பிக்கிறான்.

ஒன்று, வெளிச்சம். காலையில் இலக்கு நிழலில், பகலில் வெயிலில். ஒளி மாறினால் அபர்ச்சர் சைட்டின் சிறு துளை வழியே கருவட்டம் வேறு அளவில் தெரியும். கண் நடுவில் வைத்திருப்பதாகவே நினைக்கும், குறி நகர்ந்திருக்கும். துளையின் அளவை மாற்றும் ஐரிஸையும் ஒளி வடிகட்டும் ஃபில்டரையும் மாற்றினாயா?

இரண்டு, எண்ணெய். போல்ட்டில் கெட்டியான எண்ணெய் போட்டிருந்தால் குளிரில் தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி சோம்பலாக அடிக்கும். பாயிண்ட் 22-இல் அடி மெலிந்தால் வேகம் ஒரு சீராக வராது. உன் காலைச் சிதறல் அங்கிருந்தும் வரலாம்.

மூன்று, நீ. விறைத்த விரல், விறைத்த கான்வாஸ் ஜாக்கெட், உள்ளே கூடுதலாக ஒரு ஸ்வெட்டர். தோளில் கட்டை உட்காரும் இடமே மாறிப்போகும். ஒரு ஸ்வெட்டருக்கு ஒரு கிளிக் என்பது எங்கள் பழைய கணக்கு.

கோத்தகிரி_புரோன் | ஞாயிறு, மாலை 5.05

ஸ்வெட்டர் பத்து மணிக்குக் கழற்றினேன் ஐயா. ஐரிஸைத் தொடவில்லை.

வெலிங்டன்_ஹவில்தார் | ஞாயிறு, மாலை 5.08

அதுதான்.

அருவங்காடு_லைன் | ஞாயிறு, மாலை 5.30

நூற்றுக்கணக்கில் சூத்திரம் எழுதினோம், முடிவில் ஸ்வெட்டர்.

கொடை_இயற்பியல் | ஞாயிறு, மாலை 6.10

ஸ்வெட்டர் மீதிக்குத்தான், முதலுக்கு இல்லை. இரண்டு அட்டைகளுக்கும் இடையிலான வித்தியாசம் அப்படியே தோட்டாவுடையது.

வெளிச்சத்தோடு கானலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுக்கிறார்கள். தரை சூடேறி அடியிலிருந்து காற்று கொதிக்கத் தொடங்குவதற்கு முந்தைய காலை நேரமே அவர்களுக்கு நல்ல நேரம். சுடுதளத்திலும் அதே கதை. 300 மீட்டருக்குப் போகும்போது காலைக் குளிரின் தொல்லையைத் தோட்டாப் பெட்டியில் தீர்த்துவிடலாம். பதினொரு மணிக் கானலில் இலக்கின் உருவமே நகர்ந்து தெரியும், அதைப் பெட்டியில் தீர்க்க முடியாது.

ஒட்டாவா_எஃப்கிளாஸ் | ஞாயிறு, இரவு 9.00

ஆகவே குறிப்பேட்டில் 'வெப்பநிலை' என்று ஒரே கட்டம் வைக்காதீர்கள். தோட்டாவின் சூடு ஒன்று, காற்றின் சூடு ஒன்று, நிலைய அழுத்தம் ஒன்று, ஒளி ஒன்று. உடுப்புக்கும் ஒன்று என்று ஹவில்தார் ஐயா சொல்வார். சமையலறை வெப்பமானி ஒன்றைத் தோட்டாப் பெட்டிக்குள் போட்டு வைத்தாலே போதும், விலை உயர்ந்த கருவி தேவையில்லை.

கோத்தகிரி_புரோன் | ஞாயிறு, இரவு 9.25

தெர்மாக்கோல் பெட்டி இருக்கிறது, வெப்பமானி நாளை வாங்கிவிடுகிறேன். அடுத்த வாரம் ஸ்வெட்டரோடும் இல்லாமலும், ஐரிஸைக் குறித்து வைத்துக்கொண்டு சுடுகிறேன். வானிலை அறிக்கை மழை என்கிறது. பெய்தால் அதற்கு அடுத்த வாரம்.